மருந்தக்கா படித்த கடிதம்

எங்கள் ஆவணக் காப்பகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இருபது வயது இருக்கும், தோளில் பை தொங்கும், காதில் ஏதாவது செருகியிருக்கும். வாசலில் நின்று போனைப் பார்ப்பார்கள், கட்டடத்தைப் பார்ப்பார்கள், மறுபடி போனைப் பார்ப்பார்கள். கடைசியில் “இதுதானா அது?” என்று என்னிடம் கேட்பார்கள். நான் வாசல் மேசையில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பவன். எட்டு வருஷமாக “இதேதான்” என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் அன்று காலையில் நாற்பத்து நாலு வயதுப் பெண்மணி ஒருவர், ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் குடையுமாக வந்து நின்றபோது, பிள்ளையைச் சேர்த்துவிட வந்தவர் என்றே நினைத்தேன்.

“பையன் வரலையாம்மா?” என்று கேட்டேன்.

“எந்தப் பையன்?”

“இன்னைக்குப் பயிற்சிக்குச் சேர வேண்டிய பையன்.”

“நான்தான் தம்பி அந்தப் பையன்” என்றார். பேனாவை வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே இருந்த வரிகளில் ஒரு பார்வையை ஓடவிட்டார். “நேத்து கடைசியா வந்தவர் டாக்டரா?”

அவர் டாக்டர்தான். ஆஸ்பத்திரியின் பழைய வரைபடம் ஒன்றைத் தேடி வந்தவர்.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“இப்படி எழுதிட்டு வேற எந்த வேலையிலயும் பிழைக்க முடியாதே” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரத்துக்குள் அவருக்கு ‘மருந்தக்கா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருஷம் கவுண்ட்டரில் நின்றவர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், பள்ளியில் கடைசி வருஷம். மருந்தக்காவும் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடையில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள்களைப் பிரித்துப் படிப்பாராம். “பக்க விளைவுகள் வரைக்கும் ரசிச்சுப் படிப்பேன்” என்பார். கடையிலிருந்த தாள்கள் எல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் வேறு ஏதாவது படிக்கலாமே என்று தோன்றியிருக்கிறது.

தொலைதூரப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் எல்லாக் கவுண்ட்டரிலும் அனுமார் வால் போல வரிசை. ஒரே ஒரு கவுண்ட்டர் காலி. அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு ஆள் வந்ததில் அவ்வளவு சந்தோஷம். விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்து கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூலகமும் ஆவணவியலும். இப்படித்தான் அக்கா இந்தத் துறைக்கு வந்தார். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள். கடைசியாக, ஏதாவது ஒரு காப்பகத்தில் எட்டு வாரப் பயிற்சி. அதற்காகக் கடை வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

பழைய காகிதங்களைச் சீர்செய்யும் எங்கள் பழுதுநீக்கும் அறையின் பொறுப்பாளர் ஒரு பெண். வயது இருபத்தேழு. ஆள் குள்ளம், குரல் கணீர். எல்லாரும் ‘மேடம்’ என்போம். முதல் நாள் மேடம் விதிகளைச் சொன்னார். பேனா கூடாது, பென்சில்தான். மேசையில் தண்ணீர் பாட்டில் கூடாது. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மேடம் ஒரு பழைய கோப்பை முன்னால் வைத்தார். அக்கா அதைத் திறந்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைப் புரட்டினார்.

“ஐயோ!” என்ற சத்தம் வாசல்வரை கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், மேடம் அக்காவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அக்கா, இது அறுபது வருஷத்துக் காகிதம். காகிதமும் கெட்டுப்போகும், உங்க உடம்பும் கெட்டுப்போகும். இதுல பூச்சி மருந்து தெளிச்சிருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், என்ன வேணா இருக்கலாம்!”

“பூஞ்சைக்கு நல்ல மாத்திரை இருக்கு மேடம்” என்றார் அக்கா, பயந்துபோன முகத்தோடு.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினாறு வருஷப் பழக்கம் ஒரே நாளில் போகுமா? மறுநாள் அக்கா விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார். நாக்குக்குப் போகும்போதெல்லாம் பிளாஸ்திரியின் கசப்பு தட்டும். பத்தே நாளில் பழக்கம் விட்டுப்போயிற்று.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நிலவறையில் ஒரு குழாய் வெடித்துவிட்டது. நனைந்தது எந்தக் கோப்புகள் என்று நினைக்கிறீர்கள்? நீர் வழங்கல் துறையின் புகார்க் கோப்புகள். தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்று நகரத்து மக்கள் முப்பது நாற்பது வருஷமாக எழுதியவை எல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. ஈரக் காகிதத்தை அப்படியே விட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மேடம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஒரு குளிர்பதனக் கிடங்கில் மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உறைய வைத்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு பெட்டி வரும். உறைவு விடும்போது தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் ஈரத்தை உறிஞ்சும் ஒற்றுத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும்.

இந்த வேலையில் மருந்தக்காவின் கை எல்லாரையும் மிஞ்சியது. மாத்திரை எண்ணுவதற்கு மருந்துக்கடையில் ஒரு தட்டைக் கத்தி வைத்திருப்பார்கள் அல்லவா, அதைப் பிடித்துப் பழகிய கை. மேடம் கொடுத்த தட்டைக் கரண்டியை இரண்டு தாள்களுக்கு நடுவே நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளுவார். தாள் முனகாமல் பிரிந்துவரும். துருப்பிடித்த குண்டூசிகளை எடுப்பதும் அப்படித்தான். கிழிந்த ஓரங்களுக்கு மாவுப்பசை தடவி, வெங்காயத் தோல் போன்ற மெல்லிய காகிதத்தை ஒட்டும்போது, தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பார். என்ன என்று ஒருநாள் காது கொடுத்துக் கேட்டேன். “அவ்வளவுதான், அவ்வளவுதான், வலிக்காது” என்று கிழிசலுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய விஷயம், படிப்பது. பழைய கடிதங்களில் பாதி கோழி கிளறியது போல இருக்கும். மீதிப் பாதியில் மை ஊறிப் பரவியிருக்கும். அக்கா தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பார், கண்ணைச் சுருக்குவார், கடகடவென்று வாசித்துவிடுவார். கொஞ்ச நாளில் வாசிப்பு அறையிலிருந்து ஆராய்ச்சி மாணவர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒருவர் மூன்று மாதமாக ஒரு கோப்பின் ஓரத்தில் இருந்த கோணல் கோட்டை ரகசியக் குறியீடு என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பார்த்துவிட்டு, “‘நாளை விடுப்பு’ன்னு எழுதியிருக்காரு தம்பி” என்றார். அந்த மாணவர் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

இதில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று சொன்னால் தப்பில்லை. “என்னால படிக்க முடியாத எழுத்தை இனிமேல் ஒருத்தர் பிறந்து வந்துதான் எழுதணும்” என்று தேநீர் இடைவேளையில் சொல்லுவார். நாங்களும் ஆமாம் போட்டோம்.

அந்த வருஷம் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்து நூறு வருஷம் ஆகியிருந்தது. அதற்காக ஒரு கண்காட்சி. அதன் பொறுப்பாளரை நாங்கள் ‘காட்சி சார்’ என்போம். நல்ல மனிதர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. காட்சியிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார். மொத்தம் ஏழு கண்ணாடிப் பெட்டிகள். ஆறில் வரைபடங்கள், பொறியாளர்களின் படங்கள், பித்தளைத் திருகுகள். ஏழாவது பெட்டி கழிப்பறைக்குப் போகும் வழியில், ஒரு மூலையில் இருந்தது. பயிற்சி மாணவர் ஒரு பெட்டியையாவது தானாக அமைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக விதி. காட்சி சார் தாராளமாக, “ஏழாவதை உங்க இஷ்டப்படி பண்ணிக்கோங்கம்மா” என்றார்.

அக்கா புகார்க் கடிதங்களை வைக்கிறேன் என்றார்.

“விழாவுல போய்ப் புகாரா?” என்று சார் முகம் சுளித்தார்.

“தண்ணி வந்த கதையை ஆறு பெட்டி சொல்லுது சார். வராத கதையை ஒண்ணாவது சொல்லட்டுமே.”

சார் அந்த மூலையை ஒருதரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். ‘உங்கள் குழாயில் தண்ணீரைத் தவிர எல்லாம் வருகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘காலை ஐந்து மணிக்கு வரும் காற்றை ஆறு மணிக்கு மாற்றினால் நாங்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்குவோம்’ என்று இன்னொருவர். ஒரு பெண்மணி மட்டும் வருஷக் கணக்கில் விடாமல் எழுதியிருந்தார். அவருடைய கடிதங்களே பதின்மூன்று இருந்தன. எல்லாம் மைப் பேனாவில், சாய்ந்த எழுத்தில், பணிவு குறையாமல். ‘போன மாதம் எழுதியதற்குத் தாங்கள் பதில் எழுதாததிலிருந்து தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்’ என்று தொடங்குவார். நாங்கள் அவருக்குக் கடிதக்காரம்மா என்று பெயர் வைத்தோம்.

அந்தப் பதின்மூன்றில் கடைசிக் கடிதம் மிகவும் சின்னது. நடுவில் தண்ணீர் பட்டு மை நீலக் குளமாகப் பரவியிருந்தது. அக்கா அதைச் சாய்த்துப் பிடித்துப் படித்தார்: ‘ஐயா, எங்கள் குழந்தை இரவெல்லாம் அழுதுகொண்டே இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தூக்கமில்லை. இந்த வாரமாவது யாரையாவது அனுப்பிவையுங்கள்.’

மேடம் வாங்கிப் பார்த்தார். “குழ வரைக்கும்தான் தெரியுதுக்கா. அதுக்கப்புறம் வெறும் மைதான் இருக்கு. ஒரு கேள்விக்குறி போட்டுக்கலாம்.”

“இதுல என்ன மேடம் சந்தேகம்? அழுதுன்னு தெளிவா இருக்கே. குழந்தை இல்லாம வேற எது அழும்?”

மேடம் குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டுக்கொண்டார். அட்டையில் எழுதும்போது அக்கா அதை விட்டுவிட்டார்.

விளக்க அட்டை அறுபது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்பது சாரின் சட்டம். அக்கா வீட்டில் உட்கார்ந்து முதல் முறை எழுதியதை மகள் படித்துப் பார்த்திருக்கிறாள்.

“அம்மா, இது மாத்திரை அட்டை மாதிரி இருக்கு. கீழே ‘உணவுக்குப் பின் படிக்கவும்’னு போட்டுடு.”

“அப்ப நீயே எழுதுடி.”

“எழுத மாட்டேன். வெட்டித் தரேன்.”

தாயும் மகளும் சேர்ந்து வெட்டி ஒட்டியதில் அட்டை இப்படி முடிந்தது: ‘தண்ணீர் இல்லாத வீட்டில் ஒரு குழந்தை இரவெல்லாம் அழுதது. விடிந்ததும் அதன் தாய் எழுதிய கடிதம் இது.’ அறுபது எங்கே, பதினைந்து வார்த்தைகூட இல்லை. படித்ததும் சாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திறப்பு விழா நாளில் நீர் வாரியத் தலைவர் ஆறு பெட்டிகளையும் ஆறு நிமிஷத்தில் பார்த்து முடித்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போகும் வழியில் ஏழாவது பெட்டி முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான். மேடைக்கு வந்ததும் கையிலிருந்த உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அந்தக் குழந்தையைப் பற்றியே பேசினார். பேச்சு நடுவில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் செய்தித்தாளில் அக்கா அமைத்த பெட்டியின் படம் வந்தது. ‘அழுத குழந்தை’ என்று தலைப்பு. அதன் பிறகு என் பதிவேட்டில் ஒரு நாளைக்கு நூறு கையெழுத்து. வருகிறவர்கள் நேராக மூலைக்குப் போவார்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்புவார்கள். யாரோ ஒருவர் ஒரு சின்னக் கம்பளித் தொப்பியைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா தரையில் கால் பாவாமல் நடந்தார்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியேறி வந்தார். பதிவேட்டில் சாய்ந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்க...” என்று இழுத்தேன்.

“என் குழந்தையைப் பார்க்க வந்தேன்.”

“எந்தக் குழந்தைம்மா?”

“பேப்பர்ல போட்டிருக்கே. எனக்கே தெரியாம எனக்கு ஒரு குழந்தை பிறந்து, ராத்திரி முழுக்க அழுது, ஊரையே அழவெச்சிருக்கு. நான் ஒருத்தி பார்க்காம இருந்தா நல்லாவா இருக்கும்?”

நான் உள்ளே ஓடிப்போய் அக்காவையும் மேடத்தையும் கூட்டிவந்தேன். கடிதக்காரம்மா அதற்குள் மூலைக்குப் போய்ப் பெட்டியின் மேல் குனிந்திருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் போய், கண் கலங்க, “அம்மா, உங்களைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லம்மா. குழந்தை இப்ப...” என்று ஆரம்பித்தார்.

“குழாய்.”

“என்னம்மா?”

“அது குழந்தை இல்லம்மா. குழாய். எங்க தெருக் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இருந்துச்சு. எனக்குக் கல்யாணமே ஆகல. முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் ஆபரேட்டரா இருந்தேன். குழந்தைக்கு எங்க நேரம்?”

அக்கா பெட்டிக்குள் இருந்த கடிதத்தைக் காட்டினார். “ஆனா... அழுதுகொண்டே இருக்கிறதுன்னு...”

“மத்த கடிதமெல்லாம் தனி. இந்தக் குழாய்க்கு மட்டும் ஒழுகுது, ஒழுகுதுன்னு பத்துக் கடிதம் எழுதியாச்சு. ஒரு மனுஷன் எட்டிப் பார்க்கல. பதினொண்ணாவதுல கொஞ்சம் இலக்கியமா எழுதிப் பார்ப்போமேன்னு எழுதினேன்” என்று சொல்லிவிட்டுக் கடிதக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தார். பெட்டியின் மேல் இருந்த கம்பளித் தொப்பி கண்ணில் பட்டதும் இன்னும் சிரித்தார். “இது குழாய்க்குப் போட்டுப் பார்த்தா அளவாத்தான் இருக்கும்.” நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.

அந்தப் பத்துக் கடிதங்கள் கிடங்கில் உறைந்திருக்கும் அடுத்த பெட்டியில் இருக்குமோ என்று மேடம் பட்டியலைப் பார்த்தார். பிறகு கிடங்குக்குப் போன் போட்டு அதை முன்னதாகவே வரவழைத்தார். உறைவு விட்டதும் பார்த்தால், உள்ளே பத்துக் கடிதங்கள். எல்லாம் அதே சாய்ந்த எழுத்து, அதே வருஷம். பத்திலும் ‘குழாய் ஒழுகுகிறது’. பத்தாவதில் மட்டும் ‘இன்னும்’ என்று ஒரு வார்த்தை கூடுதல்.

அன்று மருந்தக்கா சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை. எல்லாரும் சிரிக்கும்போது அவரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கணவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னதுதான்.

“ஒரு எழுத்து மாறிப்போச்சு, அதுக்குப் போயா? நான் போன மாசம் ஒரு லிஃப்டைத் தலைகீழா இணைச்சுட்டேன். மூணாவது மாடிக்குப் போறேன்னு ஏறினவங்க எல்லாம் தரைக்கு வந்து இறங்கினாங்க. யாரும் செத்துப்போயிடல.”

“கடையில ஒருநாளாவது நான் ஊகிச்சு மருந்து கொடுத்திருக்கேனா?” என்று கேட்டிருக்கிறார் அக்கா. “எழுத்து புரியலைன்னா டாக்டருக்குப் போன் போடுவேன். எடுக்கலைன்னா எடுக்கற வரைக்கும் போடுவேன். வரிசையில நிக்கறவங்க திட்டுவாங்க, நிக்கட்டும்னு விடுவேன். அந்த மேடம் சின்னப் பொண்ணு, கேள்விக்குறி போடுக்கான்னு சொன்னா. நான் கேட்கல. அது மட்டுமா? தாய்னு வேற சேர்த்து எழுதிட்டேன். தாள்ல தாய்னு ஒரு வார்த்தையே இல்ல.”

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். “வெட்டும்போது நானும்தான் கேட்கல. இப்ப என்ன பண்ணப் போற?”

“அட்டையை மாத்தப் போறேன்.”

மறுநாள் காலை காப்பகம் திறப்பதற்கு முன்பே அக்கா வாசலில் நின்றார். கையில் ஒரு காகிதம். ‘பிழைத் திருத்தம்’ என்று மேலே எழுதி, கீழே நாலு வரி, கையெழுத்து. நேராகக் காட்சி சாரின் அறைக்குப் போனார். மேடமும் கூடப் போனார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

“விடுங்கம்மா. இன்னும் மூணு வாரத்துல காட்சி முடியுது” என்றார் சார். “தலைவர் மேடையில அழுதிருக்கார். பேப்பர்ல வந்திருக்கு. இப்பப் போய் குழந்தை இல்ல, குழாய்னு சொன்னா அவர் முகம் எப்படிப் போகும்?”

“தப்பு என்னோடது சார். அவர் முகம் போகாது, என் முகம்தான் போகும். போகட்டும். என் பயிற்சி அறிக்கையில இதை எழுதத்தான் போறேன். அறிக்கையில குழாய், அட்டையில குழந்தைன்னு இருந்தா நல்லா இருக்காது.”

சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் தன் குறிப்பேட்டைத் திறந்து, அந்தக் கேள்விக்குறி இருந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

சார் கொஞ்ச நேரம் மேசையில் தாளம் போட்டார். கடைசியில், “தலைவர்கிட்ட நானே பேசிடறேன்” என்று போனை எடுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. “ஐயா, வணக்கம்... அந்தக் குழந்தை விஷயமா... இல்லைங்க ஐயா, குழந்தை நல்லாத்தான்... வந்து, குழந்தையே இல்லைங்க ஐயா. அது குழாய்.”

திட்டு விழும் என்று சார் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். சாரின் முகம் வெளுத்தது. பிறகு போனிலிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது, எனக்கே கேட்கிற மாதிரி. “அப்பாடா! அந்தக் குழந்தை என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு வீட்ல தினமும் என்னைத் துளைச்சு எடுக்கறாங்க. குழாய்தானா? ரொம்ப சந்தோஷம்.” ஒரு நிமிஷம் கழித்து, “அந்தக் குழாயைச் சரி பண்ணினோமா இல்லையா, அதையும் பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

சரி செய்திருந்தார்கள். பதினொன்றாவது கடிதம் போன பன்னிரண்டாம் நாள் ஒரு ஆள் போய்ப் புதுக் குழாய் மாட்டியதாகக் கோப்பில் குறிப்பு இருந்தது. அதற்கு நன்றி சொல்லிக் கடிதக்காரம்மா எழுதிய கடிதமும், உறைவு விட்ட அதே பெட்டியின் அடியில் பிறகு கிடைத்தது. அதற்கும் ஒரு புகார் எண் போட்டு, ‘நடவடிக்கை நிலுவையில்’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

அக்கா ஏழாவது பெட்டியை முதலிலிருந்து அமைத்தார். பத்துக் கடிதங்கள், பதினொன்றாவது, பிறகு நன்றிக் கடிதம். பழைய அட்டையை எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே புது அட்டை வைத்தார். ‘முதலில் இதைக் குழந்தை என்று படித்தேன். எழுத்து அழிந்திருந்தது, கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எழுதியவரே வந்து குழாய் என்று சொன்னார். பிழை என்னுடையது’ என்று எழுதி, அடியில் ‘பயிற்சி மாணவி’ என்று போட்டார். கம்பளித் தொப்பியையும் உள்ளே வைக்கலாம் என்று மேடம் சொன்னார். காட்சி சார் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

முன்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பியவர்கள் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். இரண்டு பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்து வந்தன. கடைசி வாரத்தில் சார் கடிதக்காரம்மாவைப் பேச அழைத்தார். அவர் டெலிபோன் குரலில் ஒவ்வொரு கடிதமாக வாசித்தார். பதினொன்றாவது வந்ததும் அக்காவிடம் நீட்டி, “இதை நீங்களே படிங்க” என்றார். அக்கா எழுந்து நின்று, குழாய் என்ற இடத்தில் குரலை உயர்த்திப் படித்தார். முன்வரிசையில் அவர் மகள் கைதட்டினாள். கணவர், லிஃப்ட் வேலையிலிருந்து நேரே வந்தவர், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

பயிற்சி முடிந்து இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. அந்த வருஷம் அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் அக்காவுக்கு. அறிக்கையின் ஓரத்தில் பேராசிரியர் ஏதோ எழுதியிருந்தார். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார். நாங்கள் அத்தனை பேரும் மாறிமாறிப் பார்த்தோம், ஒன்றும் புரியவில்லை. “நானும் பார்த்துட்டேன். ‘நன்று’ மாதிரியும் இருக்கு, ‘நின்று’ மாதிரியும் இருக்கு” என்ற அக்கா, என் மேசை போனை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டார். நாலு பேரைத் தாண்டிப் பேராசிரியரைப் பிடித்துக் கேட்டார். ‘மிக நன்று’ என்பதுதான். ‘மிக’ எங்கே இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

கிடங்கில் இன்னும் ஐம்பது பெட்டிகள் பாக்கி இருந்ததால், மேடம் எழுதிக் கேட்டு அக்காவைத் தற்காலிகப் பணியில் எடுத்துக்கொண்டார். காலையில் எங்களிடம், சாயங்காலம் மருந்துக்கடையில். கடையை விடச் சொல்லிக் கணவர் சொல்லிப் பார்த்தார். அங்கே வருகிற புதுத் தாள்களை யார் படிப்பது என்று அக்கா மறுத்துவிட்டார். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வேதியியல். மை எப்படிக் கரைகிறது என்று அம்மா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்று அலுத்துக்கொள்கிறாள். கடிதக்காரம்மா மாதம் ஒருமுறை வந்து, வாசிப்பு அறையில் தன் கடிதங்களைத் தானே வாங்கிப் படித்துவிட்டுப் போகிறார். போன தடவை, எங்கள் வாசல் படியில் கைப்பிடி இல்லை என்று ஒரு கடிதம் எழுதி என் மேசையில் வைத்தார். அதை மேடம் இன்னும் கட்டடப் பிரிவுக்கு அனுப்பவில்லை. காப்பகத்தில் சேர்ப்பதற்காக அக்கா முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார்.